ஊர் திரும்பிய டாக்டருக்கு மீண்டும் கல்லூரி!

பையன் வெளிநாட்டில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு வந்துவிட்டான். விமான நிலையத்தில் மாலை போட்டாயிற்று. தாராவி 90 அடி ரோட்டில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாயிற்று. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் வந்து உட்கார்ந்து, "டாக்டர் தம்பி, முட்டிவலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பா" என்கிறார்.

தம்பி முழிக்கிறான்.

எழுதிக் கொடுக்க அவனுக்கு உரிமை கிடையாது. கையில் பட்டம் இருக்கிறது. பெட்டியில் வெள்ளைக் கோட்டு இருக்கிறது. ஆனால் இந்தியச் சட்டத்தின் கண்ணில் அவன் இன்னும் டாக்டர் அல்ல.

பாட்டிக்கு இது தெரியாது. பல வீடுகளில் அப்பாவுக்கும் தெரியாது. ரெயில்வேயிலோ, மில்லிலோ, ஏதாவது ஆபீசில் குமாஸ்தாவாகவோ வேலை பார்த்து, பி.எப். பணத்தில் கடன் போட்டு, ஊரில் இருந்த கொஞ்ச நிலத்தையும் விற்று அனுப்பியவர் அவர். "ஆறு வருஷம் முடிந்தால் டாக்டர்" என்றுதான் ஏஜெண்டு அவரிடம் சொன்னார். ஏழாவது வருஷத்தைப் பற்றியும் எட்டாவது வருஷத்தைப் பற்றியும் ஏஜெண்டு வாயே திறக்கவில்லை.

அந்த ஏழாவது, எட்டாவது வருஷங்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம். இது மும்பையில், தானேயில், கல்யாணில், அம்பர்நாத்தில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பிரச்சினை. பிள்ளையை அனுப்பிவிட்டவர்களுக்கும் இது வேண்டும். அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

கல்யாணில் பிறந்தவர்

வெளிநாட்டில் மருத்துவம் படிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1865-ம் ஆண்டு கல்யாணில் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் படித்து 1886-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு நாடு திரும்பினார். கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பு கொடுத்தார்கள். பாவம், காசநோய் அவரை விடவில்லை. 1887 பிப்ரவரியில், 22 வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனார்.

அவருக்கு யாரும் மறுபரீட்சை வைக்கவில்லை. இன்று அப்படி முடியாது.

பரீட்சை என்னும் மலை

2002-ம் ஆண்டு மார்ச் 15-ந்தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியக் குடிமக்கள் இங்கே ஒரு தகுதிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். 'எப்.எம்.ஜி.இ.' என்று அதற்குப் பெயர். ஆண்டுக்கு இரண்டு தடவை நடக்கிறது. ஒரே நாளில் இரண்டு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் 150 கேள்விகள். ஆக 300 மார்க்கு. 150 எடுத்தால் பாஸ். தவறான விடைக்கு மார்க்கு குறைக்க மாட்டார்கள்.

பாதி மார்க்குதானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். 2023 ஜூலையில் நடந்த பரீட்சையில் எழுதியவர்களில் பத்தில் ஒருவர்தான் தேறினார். மற்ற தடவைகளில் நான்கில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்ற கணக்கு சகஜம்.

தோற்றவர்கள் எல்லோரும் மக்குகளா? அப்படிச் சொல்வது அநியாயம்.

உக்ரைனிலும் ரஷியாவிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வகுப்பில் உட்கார வைத்து, தினமும் வாயால் கேள்வி கேட்டுப் பாடம் நடத்துவார்கள். நல்ல முறைதான். ஆனால் இங்கே பரீட்சை, நான்கு விடைகளில் ஒன்றைச் சட்டென்று தேர்ந்தெடுக்கும் பரீட்சை. அதுவும் ஆறு வருஷப் பாடம் முழுவதும் ஒரே நாளில். முதல் வருஷத்தில் படித்த உடற்கூறு இயல் ஆறாம் வருஷம் வரை யாருக்கு நினைவில் நிற்கும்?

இன்னொரு விஷயம். சமூக மருத்துவம் என்று ஒரு பாடம். 300-ல் 30 மார்க்கு அதற்கு. எந்தத் தடுப்பூசி எந்த வயதில், காசநோய்த் திட்டத்தில் என்ன மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் யார் வேலை பார்ப்பார்கள் என்று நம் நாட்டு விவரங்களாகக் கேட்பார்கள். கார்கிவ் நகரத்துப் பேராசிரியர் இதை எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்? ஊருக்கு வந்த பிறகு பையன் தானாகத்தான் படித்தாக வேண்டும்.

இரண்டு இடிகள்

2020-க்கு முன்பு வரை கதை இவ்வளவுதான். பட்டம், பரீட்சை, இங்கே ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதன் பிறகு இரண்டு இடிகள் விழுந்தன.

முதலாவது கொரோனா. 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாணவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. 2022 ஆகஸ்டு வரை சீனா அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. இரண்டரை வருஷம் வீட்டில் செல்போனைப் பார்த்துப் பாடம் கேட்டார்கள். செல்போனில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியாது என்றுதான் தேசிய மருத்துவ ஆணையமும் சொன்னது. ஆன்லைனில் மட்டும் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க மாட்டோம் என்று 2022 பிப்ரவரியில் அறிவித்தது.

அந்த மாதமே இரண்டாவது இடி. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷியா உக்ரைன் மீது படையெடுத்தது. ஏறத்தாழ 18 ஆயிரம் இந்திய மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். சுரங்க ரெயில் நிலையங்களில் ஒண்டியிருந்து, போலந்து, ஹங்கேரி, ருமேனியா எல்லை வரை பனியில் நடந்து வந்தவர்கள் அவர்களில் பலர். கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில் குண்டுவீச்சில் பலியானார். நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர்.

வந்தவர்களை டி.வி.யில் காட்டினார்கள். மந்திரிகள் பூங்கொத்து கொடுத்தார்கள். பூ வாடுவதற்குள் கேள்வி வந்துவிட்டது: பாதிப் படிப்போடு வந்தவர்களை இங்குள்ள கல்லூரிகளில் சேர்ப்பீர்களா?

மாட்டோம் என்றது மத்திய அரசு. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் அதை எழுத்து மூலமாகவே சொன்னது. 'நீட்' பரீட்சையில் குறைந்த மார்க்கு வாங்கியதால், அல்லது இங்குள்ள கட்டணத்தைக் கட்ட முடியாததால் வெளிநாடு போனவர்கள் இவர்கள். இவர்களை இங்கே சேர்த்தால் மற்றவர்களுக்கு அநியாயம் ஆகும் என்பது வாதம். வேறு நாட்டுக் கல்லூரியில் மீதியைப் படித்து, உக்ரைன் கல்லூரியின் பெயரிலேயே பட்டம் வாங்கலாம் என்று மட்டும் மருத்துவ ஆணையம் வழிவிட்டது. ஜார்ஜியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கிளம்பிப் போக மறுபடியும் பணம் வேண்டுமே! அதைப் பற்றி அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி இல்லை.

கடைசி ஆண்டில் இருந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு நிம்மதி. அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் கல்லூரியின் சர்ட்டிபிகேட்டு கிடைத்திருந்தால் தகுதிப் பரீட்சை எழுதலாம், ஆனால் இங்கே ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று 28-7-2022 அன்று ஆணையம் அறிவித்தது. மீதமிருந்த சிலருக்கு 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் வழி பிறந்தது. எந்தக் கல்லூரியிலும் சேராமலே இங்குள்ள எம்.பி.பி.எஸ். இறுதிப் பரீட்சையின் இரண்டு பகுதிகளையும் எழுதலாம் என்றார்கள். அரசாங்கக் கமிட்டி ஒரே ஒரு வாய்ப்புதான் என்றது. கோர்ட்டு அதை இரண்டாக்கியது. தேறினால் இரண்டு வருஷப் பயிற்சி. முதல் வருஷம் சம்பளம் கிடையாது.

இனிஷியல் தொல்லை

தமிழர்களுக்கு என்றே ஒரு தனித் தொல்லை உண்டு. அதுதான் இனிஷியல்.

பத்தாவது சர்ட்டிபிகேட்டில் 'மு. கார்த்திக்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் முருகேசன்'. மராட்டியப் பள்ளியில் படித்திருந்தால் அப்பா பெயர் நடுவில் வந்து, தாத்தா பெயர் குடும்பப் பெயராகி, 'செல்லையா கார்த்திக் முருகேசன்' என்று தலைகீழாக நிற்கும். வெளிநாட்டுக் கல்லூரி இதை அந்த நாட்டு எழுத்தில் எழுதி, மறுபடியும் ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்தும் மாறிவிடும். மூன்று தாள்களிலும் இருப்பது ஒரே பையன்தான். ஆனால் பதிவு அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு மூன்று ஆட்கள்!

குமாஸ்தாவைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நாமும் அதையேதான் கேட்போம்.

ஆகவே பட்டம் கைக்கு வரும்போதே, அந்த நாட்டில் இருக்கும்போதே, பெயரை பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். பட்டத்தில் நம் நாட்டுத் தூதரகத்தின் அத்தாட்சியோ, 'அப்போஸ்டில்' முத்திரையோ வாங்காமல் விமானம் ஏறக்கூடாது. மார்க்கு பட்டியல்கள், கல்லூரியில் சேர அனுமதித்த கடிதம், அங்கே எடுத்த பயிற்சிக்கான சர்ட்டிபிகேட்டு, நீட் மார்க்கு அட்டை எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டு காலாவதியாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் போனான், எந்தத் தேதியில் வந்தான் என்பதற்கு அதில் உள்ள முத்திரைதான் சாட்சி. வகுப்பில் நேரில் இருந்தானா, வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் படித்தானா என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

18-11-2021-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குச் சட்டம் இன்னும் கடுமை. குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலத்தில், முழுவதும் ஒரே கல்லூரியில். அங்கேயே 12 மாதப் பயிற்சி. இங்கே வந்து இன்னொரு 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டில் வைத்தியம் பார்க்க அந்த நாட்டு ஆட்களுக்குக் கிடைக்கும் அதே உரிமை அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து வருஷத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஏஜெண்டு என்ன சொன்னாலும் சரி, இந்த ஐந்தையும் கேட்டு எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

வீட்டில் ஒரு மாணவன்

ஊர் வந்த பிறகு பரீட்சைக்குப் படிக்கும் காலம்தான் மிகவும் கொடுமையான காலம் என்பது என் எண்ணம். கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. ஆறு வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, மைனஸ் டிகிரி குளிரில் பஸ் பிடித்து, ரஷிய மொழி பேசி, தன் காலில் நின்றவன். இப்போது பத்துக்குப் பத்து அறையில், தம்பி தங்கையோடு, டி.வி. சத்தத்துக்கு நடுவில் புத்தகத்தை விரிக்கிறான்.

கூடப் படித்த பள்ளித் தோழன் இங்கேயே கல்லூரியில் சேர்ந்து எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி.யும் சேர்ந்துவிட்டான். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் பாஸ் ஆகலையா?"

பெண் பிள்ளையாக இருந்தால் கேள்வி இரண்டு. இரண்டாவது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது பெண் பார்க்க ஆட்களை வரச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண் தோற்றால் அது அவள் குற்றம் ஆகுமா?

கோச்சிங் வகுப்புக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று செலவழிக்கிறோம். காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவனுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை, இன்னும் மாணவன்தான் என்று வீட்டில் உள்ள எல்லோரும் மனதில் வைத்துக்கொள்வது. பத்தாவது பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வீட்டில் எப்படி டி.வி.யை அணைக்கிறோமோ அப்படி இவனுக்கும் அணைக்க வேண்டும். மாட்டுங்காவிலும் சயானிலும் வாசகசாலை மேஜைகளில் காலை முதல் ராத்திரி வரை உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் இடம் இல்லாவிட்டால் அது நல்ல வழி.

பாங்கிக் கடன் விஷயத்தையும் இப்போதே கவனிக்க வேண்டும். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. பரீட்சையும் பயிற்சியும் சேர்ந்தால் அந்த ஒரு வருஷம் போதாது. தவணை தவறிய பிறகு போய் அழுவதைவிட, பரீட்சை அனுமதிச் சீட்டையும் பயிற்சி உத்தரவையும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மேனேஜரைப் பார்த்துக் காலநீட்டிப்பு கேட்பது நல்லது. கேட்டால் கொடுப்பார்களா என்பது பாங்கியைப் பொறுத்தது. கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

வார்டில் முதல் நாள்

பரீட்சை பாஸ். மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. இனிமேல்தான் உண்மையான கல்லூரி வாழ்க்கை.

ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் தன் இடங்களுக்கு மேல் கூடுதலாக ஏழரை சதவீதம் வரை வெளிநாட்டில் படித்தவர்களைப் பயிற்சிக்கு எடுக்கலாம் என்றும், அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்றும், இங்கே படித்தவர்களுக்குக் கொடுக்கும் அதே உதவித்தொகையை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றும் 4-3-2022 அன்று ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. எங்காவது கட்டணம் கேட்டால் இந்தத் தேதியைச் சொல்லிப் பேசலாம்.

முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். தன்னைவிட மூன்று வயது சின்னவன் சீனியராக நின்று வேலை ஏவுவான். 'பாரின்' என்று பட்டப்பெயர் வைப்பார்கள். கேண்டீனில் பழைய நண்பர்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்க, இவன் தனியாக டீ குடிப்பான். ஐந்து வருஷம் ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு நடுவில் புதிதாக நுழைபவனுக்கு இது எங்கேயும் நடப்பதுதான்.

கை வேலைதான் இதை மாற்றும். ரத்தம் எடுப்பது, டிரிப்ஸ் ஏற்றுவது, கேஸ் ஷீட்டு எழுதுவது, பரிசோதனை ரிப்போர்ட்டுக்காக மாடி மாடியாக ஓடுவது. வெளிநாட்டில் பல இடங்களில் நோயாளியைத் தொடவே விடுவதில்லை. ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரே ராத்திரியில் இருபது பேருக்கு ஊசி குத்த வேண்டி வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நர்ஸ் அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொள்பவன் ஒரு மாதத்தில் தேறிவிடுவான். அந்த அக்காக்களுக்குத் தெரியாத வேலை எதுவும் வார்டில் கிடையாது.

நோய்களும் வேறு. மும்பையில் மழைக்காலம் வந்தால் மலேரியா, டெங்கு, தேங்கிய தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல். கிராமத்துப் பக்கம் போட்டால் பாம்புக்கடி, தேள்கடி. பயிற்சி வருஷத்தில் 12 வாரம் சமூக மருத்துவத்துக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த தடுப்பூசி அட்டவணை அங்கே கைக்குழந்தையாக வந்து எதிரில் அழும்.

பாஷை இன்னொரு பாடம். மராட்டியும் இந்தியும் தெரியாமல் மும்பை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ஓட்ட முடியாது. நம் பிள்ளைகளுக்கு அது ஓரளவு தெரியும். தமிழ்தான் பல பேருக்குத் தகராறு! சயான் ஆஸ்பத்திரிக்குத் தாராவியிலிருந்து வரும் தமிழ்ப் பெண், "தலைக்குக் குளிச்சு ரெண்டு மாசமாச்சு டாக்டர்" என்றால், மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வெளிநாடு போய்வந்த பிள்ளை, குளிக்கச் சொல்லி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? "குளிர் ஒதறுது" என்றால் நடுக்கக் காய்ச்சல். "வாயுப் பிடிப்பு" என்று சொல்வது சில சமயம் சாதாரண வாயுவாக இருக்கும். சில சமயம் மாரடைப்பாக இருக்கும். இதெல்லாம் எந்த மெடிக்கல் புத்தகத்திலும் இல்லை. வீட்டில் பாட்டியோடு உட்கார்ந்து பேசினால் வரும். அந்த முட்டிவலிப் பாட்டி அதற்குப் பயன்படுவார்!

நடுவில் ஒரு பள்ளம்

பரீட்சையில் இரண்டு தடவை தவறியவர்களுக்கு நடுவில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. "எங்கள் நர்சிங் ஹோமில் ராத்திரி டூட்டி பாருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம், பதிவு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். வீட்டில் பணக் கஷ்டம். பிள்ளையும் சும்மா இருக்கிறது. போனால் என்ன என்று தோன்றும்.

போகக்கூடாது. பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால், 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலிச் சர்ட்டிபிகேட்டு வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களும் உண்டு. தகுதிப் பரீட்சையில் தேறாமலே பதிவு செய்துகொண்டதாக 73 பேர் மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டு, 2022 டிசம்பரில் நாடு முழுவதும் 91 இடங்களில் சோதனை நடத்தியது. பத்து வருஷத்துக்கு முந்தைய பதிவுகளைக்கூடத் தோண்டி எடுத்தார்கள்.

காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க முடியாவிட்டால், மருத்துவப் புத்தகக் கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி, ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று நோயாளிக்கு மருந்து எழுதாத வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பயிற்சி முடிந்து நிரந்தரப் பதிவு எண் கைக்கு வந்த பிறகு, பல அப்பாக்களுக்கு இன்னொரு ஆசை இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரில் ஒரு கிளினிக் போட வேண்டும் என்பது. அதற்கு மராட்டிய மருத்துவக் கவுன்சிலில் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கேயும் முதலில் பார்ப்பது இனிஷியலைத்தான். அந்தப் பழைய பைலை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.